கம்பிவழிக் கருத்துகள் – 6: போன் பில் கட்டியவர்கள்

பெர்க்லியில் லியோபால்ட்ஸ் இசைத்தட்டுக் கடையில் 1973-இல் வைத்த டெலிடைப் இயந்திரத்தைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். வருகிறவர், போகிறவர் எல்லாம் நின்று எதையாவது தட்டிவிட்டுப் போனார்கள். எழுதியவரும் படித்தவரும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதால் அந்தப் பேச்சு அந்த வட்டாரத்தைத் தாண்டவில்லை. ஊர் தாண்டிப் பேச வேண்டுமானால் தொலைதூரத் தொலைபேசி வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. அரசியலையும் மதத்தையும் கணினியில் பேசத் தொடங்கிய காலத்தின் வரலாற்றைக் கொள்கைச் சண்டைகளின் கதையாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அந்தக் காலத்துப் போன் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு படித்தால்தான் பாதிக் கதை விளங்குகிறது.

1979-இன் கடைசி மாதங்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹாம் என்ற ஊர்; அங்கே டியூக் பல்கலைக்கழகம். டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்று இரண்டு ஆய்வு மாணவர்கள். பாதுகாப்புத் துறை பணம் போட்டு நடத்திய அர்பாநெட் அப்போதே பத்து வயதை எட்டியிருந்தது. ஆனால் உள்ளே நுழைய அந்தத் துறையோடு ஏதாவது ஒப்பந்தம் இருக்க வேண்டும். டியூக்கின் கணினித் துறைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்களிடம் இருந்தது யூனிக்ஸ் என்ற இயங்குதளம். அதன் ஏழாம் பதிப்போடு யூயூசிபி என்றொரு சிறிய நிரலும் வந்திருந்தது. ஒரு கணினி இன்னொரு கணினிக்குப் போன் போடும். கொடுக்க வேண்டிய கோப்பைக் கொடுக்கும், வாங்க வேண்டியதை வாங்கும், போனை வைத்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

பக்கத்து ஊரான சேப்பல் ஹில்லில், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் பெல்லோவின் படித்துக்கொண்டிருந்தார். செய்திகளைக் குழு குழுவாகப் பிரித்து, ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றும் முதல் நிரலை அவர் ஷெல் ஸ்கிரிப்டாகவே எழுதிப் பார்த்தார். வேகம் போதவில்லை, டியூக்கின் ஸ்டீபன் டேனியல் அதை சி மொழியில் திருப்பி எழுதினார். முதலில் சேர்ந்தவை மூன்று கணினிகள்: டியூக் கணினித் துறை ஒன்று, சேப்பல் ஹில் ஒன்று, டியூக் மருத்துவ நிலையத்தின் உடலியங்கியல் துறை ஒன்று. தானாக எண் சுழற்றும் கருவியைத் தாங்களே செய்துகொண்டார்கள். மோடத்தின் வேகம் 300 பாட். அதாவது விநாடிக்கு 30 எழுத்து. நன்றாகத் தட்டிய ஒரு பக்கக் கடிதம் மறுமுனை போய்ச் சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு நிமிடமும் போன் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே கணினிகள் இரவில் பேசின. இரவில் நேரமானால் கால் கட்டணம் என்று எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசையில் நின்ற தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பகலில் எழுதியது இரவில் புறப்பட்டு, ஒரு கணினியில் இறங்கி, மறுநாள் இரவு இன்னொன்றுக்குப் போகும். 1980 ஜனவரியில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் யூனிக்ஸ் பயனாளர்கள் கூடியபோது இந்த ஏற்பாட்டை அறிவித்தார்கள். ஏழைகளின் அர்பாநெட் என்று அதற்கு ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டது. அறிவிப்பிலேயே காசுக் கணக்கும் இருந்தது: டியூக் தன் செலவில் உங்களுக்குப் போன் போடும், ஆன செலவைப் பிறகு கொடுத்துவிடுங்கள். நாளுக்கு ஒன்றிரண்டு செய்திகள் வரும், அவையும் யூனிக்ஸ் சந்தேகங்களாக இருக்கும் என்பதுதான் ஆரம்பித்தவர்களின் எதிர்பார்ப்பு. யூஸ்நெட் என்ற பெயர் வைத்த அந்த வலைக்குள் அரசியலும் கடவுளும் வருவார்கள் என்று அவர்கள் திட்டமிடவில்லை.

வந்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் நெட்.பாலிடிக்ஸ், நெட்.ரிலிஜன், நெட்.அபார்ஷன் எல்லாம் முளைத்தன. திட்டித் தீர்ப்பதற்கென்றே நெட்.ஃபிளேம் என்று ஒரு குழு. ஒருபாலீர்ப்பாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 1983-இல் நெட்.மாட்ஸ் வந்தது, தலைப்பைப் பார்த்து மேலதிகாரிகள் துணுக்குறக் கூடாதென்று பெயரைப் பிடிபடாத முதலெழுத்துகளில் வைத்தார்கள். படித்தவர், எழுதியவர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தார், ஆய்வுக்கூடத்தார். பகலில் கம்பைலர் எழுதுகிறவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதுவார்.

இந்த நாலு பக்கத்துக்கு யார் காசு கட்டினார்கள்? டியூக்கின் திருப்பித் தரும் ஏற்பாடெல்லாம் வலை சிறிதாக இருந்தபோது செல்லுபடியானது. பெரிதானபோது சுமையைத் தாங்கியவை இரண்டு மூன்று பெரிய நிறுவனங்கள். பெல் ஆய்வுக்கூடம் தொலைபேசிக் கம்பெனியின் சொந்த வீட்டுப் பிள்ளை. தன் கம்பியில் தானே பேசிக்கொண்டதற்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் நியூ ஹாம்ப்ஷயர் அலுவலகத்தில் டெக்வாக்ஸ் என்ற கணினி, நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு இரவிரவாகப் போன் போட்டது. ஆர்மாண்டோ ஸ்டெட்னர் போன்ற பொறியாளர்கள் அதை நடத்தினார்கள். மாதக் கடைசியில் வந்த பில்லை மேலாளர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். யூனிக்ஸ் வாடிக்கையாளர்களோடு தொடர்பு இருப்பது வியாபாரத்துக்கு நல்லது என்ற கணக்கு ஒரு பக்கம். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று பார்க்காமல் விட்டது இன்னொரு பக்கம். கருத்துச் சுதந்திரத்தின் வரலாற்றில் கண்டுகொள்ளாமல் இருந்த மேலாளர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.

எழுதுகிறவருக்கு இந்தச் செலவு தெரியாது. அதைத் தெரியவைக்க முயன்றவர் லாரி வால். பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கியவர்; எழுத்தே இல்லாத ஏதாவது ஒரு மொழிக்கு எழுத்து உண்டாக்கி அதில் பைபிளை மொழிபெயர்க்கலாம் என்று மனைவியோடு மொழியியல் படித்தவர். 1984-இல் அவர் ஆர்என் என்ற வாசிப்பு நிரலை வெளியிட்டார். அதில் ஒரு செய்தியை எழுதி முடித்து அனுப்பப் போனால் திரையில் ஓர் எச்சரிக்கை வரும். இது உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் போகிறது, இதை எங்கும் கொண்டுசேர்க்க வலைக்கு நூற்றுக்கணக்கில், ஏன் ஆயிரக்கணக்கில்கூட டாலர் செலவாகும், நிச்சயமாக அனுப்பத்தான் வேண்டுமா என்று கேட்கும். பேசாமல் என்டர் தட்டினால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளும். ஆம் என்று சொல்ல விரும்புகிறவர் அதற்கென ஒரு விசையைத் தேடித் தட்ட வேண்டும். செலவைச் சொல்லிக் கேட்கும் இப்படி ஒரு கேள்வியை இன்றைய செயலிகளில் நான் பார்த்ததில்லை.

அதே நிரலில் கில் ஃபைல் என்று ஒன்றும் இருந்தது. ஒருவர் பெயரையோ ஒரு தலைப்பையோ அதில் எழுதிவைத்தால் அவை உங்கள் கண்ணில் படாது. இன்னொரு வழக்கமும் நகைச்சுவைக் குழுவில் உருவாகியிருந்தது. இனத்தையோ மதத்தையோ புண்படுத்தக்கூடிய ஜோக்கை அப்படியே போடுவதில்லை. ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் பதிலாக அதற்குப் பதின்மூன்று இடம் தள்ளியுள்ள எழுத்தைப் போட்டு அனுப்புவார்கள். பார்த்தால் உளறல். படிக்க விரும்புகிறவர் ஒரு கட்டளை கொடுத்துப் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு கோபப்பட்டால் அது அவர் பாடு. எழுதாதே என்று யாரும் தடுக்கவில்லை, படி என்று யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. நாற்பது ஆண்டு கழித்தும் இதைவிட நாகரிகமான ஓர் ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை.

1984 ஏப்ரல் முதல் தேதி ஒரு செய்தி வந்தது. சோவியத் ஒன்றியம் யூஸ்நெட்டில் சேர்ந்துவிட்டது, அமெரிக்க, ஐரோப்பிய மக்களோடு மனம் விட்டுப் பேச விரும்புகிறோம் என்று கான்ஸ்டன்டின் செர்னென்கோ பெயரில், கிரெம்வாக்ஸ் என்ற கணினியிலிருந்து. செர்னென்கோ சோவியத் கம்யூனிஸ்டுக் கட்சியின் பொதுச் செயலாளராகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எழுதியவர் உண்மையில் ஆம்ஸ்டர்டாமில் இருந்த பீட் பேர்ட்டெமா. தேதியைப் பார்க்காமல் நம்பியவர்கள் இருந்தார்கள். ஐரோப்பாவுக்கு யூஸ்நெட் எம்சிவாக்ஸ் என்ற ஆம்ஸ்டர்டாம் கணினி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதை நடத்தியவர்களில் பேர்ட்டெமாவும் ஒருவர். இந்த ஆம்ஸ்டர்டாமையும் அதன் போன் பில்லையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்லான்டிக்குக்கு இந்தப் பக்கம் எம்சிவாக்ஸ் என்றால், அந்தப் பக்கம் சீஸ்மோ. வர்ஜீனியாவில் நிலநடுக்க ஆய்வு மையத்தின் கணினி அது. பூமிக்கடியில் யாராவது அணுகுண்டு வெடித்துப் பார்க்கிறார்களா என்று அதிர்வைக் கவனிக்கும் மையம். அதை நிர்வகித்த ரிக் ஆடம்ஸ் யூஸ்நெட்டையும் கடல் தாண்டி அனுப்பினார். கடல் தாண்டும் அழைப்புக்கு ஐரோப்பியர்கள் காசு கட்டினார்கள். காசு கட்டி வரவழைத்துப் பார்த்தால் பெரும் பங்கு நெட்.ரிலிஜனும் நெட்.ஃபிளேமும். டென்வரிலிருந்து ஒருவரும் டல்லாஸிலிருந்து ஒருவரும் பைபிளின் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதற்கு ஆம்ஸ்டர்டாம் ஏன் பணம் தர வேண்டும்? யூனிக்ஸ் பிழைத் திருத்தங்களுக்குத் தருகிறோம், இதற்கு மாட்டோம் என்றார்கள்.

1986 ஜூலையில் தொடங்கி 1987 மார்ச் வரை எல்லாக் குழுக்களுக்கும் பெயர் மாற்றினார்கள். யூஸ்நெட்காரர்கள் இதை மகா பெயர்மாற்றம் என்பார்கள். நெட் என்ற பழைய கூரை போய் ஏழு கூரைகள் வந்தன: கணினிக்கு காம்ப், அறிவியலுக்கு சயி, பொழுதுபோக்குக்கு ரெக், சமூகத்துக்கு சோக், வலையின் சொந்த விவகாரங்களுக்கு நியூஸ், எதிலும் சேராததற்கு மிஸ்க். ஏழாவது டாக். மதம், அரசியல், கருக்கலைப்பு என முடிவில்லாமல் வாதாடும் குழுக்களையெல்லாம் டாக்கில் கொண்டுபோய்ப் போட்டார்கள். குழுக்கள் பெருகிவிட்டன, பட்டியலை ஒழுங்குபடுத்தினோம் என்பது வெளியே சொன்ன காரணம். ஐரோப்பா வேண்டாம் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் போட்டு வைத்தால் கழற்றிவிட வசதி என்பது மற்றொரு காரணம். ரிக் ஆடம்ஸின் யோசனைதான் அது.

கழற்றுவது எவ்வளவு எளிது என்று பாருங்கள். ஒவ்வொரு கணினியிலும் சிஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் அக்கம்பக்கத்துக் கணினி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எந்தெந்தக் கூரையின் கீழ் வருவதை அதற்கு அனுப்பலாம் என்று அந்த வரியில் வரிசையாக எழுதியிருக்கும். டாக் என்பதற்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டுவிட்டால் போதும், மதமும் அரசியலும் அந்தக் கணினிக்குப் போகாது. யாரையும் தடை செய்ய வேண்டாம், யாருடைய கருத்தையும் படித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு குறி. அறிவு இது, வாய்ச்சண்டை இது என்ற கோட்டைக் கிழித்தது தத்துவம் அன்று. சர்வதேச அழைப்புக் கட்டணம்.

இந்த மாற்றத்தை முடிவு செய்தவர்கள் பெரிய கணினிகளை நடத்திய சுமார் இரண்டு டஜன் நிர்வாகிகள். ஜீன் ஸ்பாஃபோர்ட் அவர்களில் முக்கியமானவர். மற்றவர்கள் இவர்களை முதுகெலும்புக் கும்பல் என்று கேலி செய்தார்கள். கும்பல் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று அவர்களும் கேலியாகவே பதில் சொன்னார்கள். தேர்தலில் வந்தவர்கள் அல்லர். போன் பில் அவர்கள் இடத்துக்கு வந்தது, ஆகவே சொல் எடுபட்டது. பின்னர் புதிய குழு வேண்டுமானால் வாக்கெடுப்பு என்று ஒரு முறை வந்தது. மின்னஞ்சலில் வாக்கு, எதிர்ப்பை விட ஆதரவு நூறு வாக்காவது கூடுதலாக இருக்க வேண்டும். மொழிக்கும் நாட்டுக்கும் எனக் குழுக்கள் சோக்.கல்ச்சர் என்ற கிளையில் வந்தன. சோக்.கல்ச்சர்.தமிழ் அப்படி வந்ததுதான். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, ஈழப்போரையும் இந்தி எதிர்ப்பையும் இளையராஜாவையும் ஒரே மூச்சில் விவாதித்த அந்த மாணவர் கூட்டத்துக்குத் தனி அத்தியாயம் வேண்டும், அங்கே வருகிறேன்.

குப்பைத்தொட்டியாக நினைத்து ஒதுக்கிய டாக்கில் என்ன நடந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். டாக்.ஆரிஜின்ஸ். பரிணாமக் கொள்கையை ஏற்காத கிறித்தவர்கள் உயிரியல் குழுவில் வந்து வாதம் செய்துகொண்டே இருந்தார்கள். உயிரியலாளர்களால் வேலை பார்க்க முடியவில்லை. இந்தச் சண்டையை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று கட்டிக்கொடுத்த இடம் அது. லூசியானா மாநிலம் பள்ளிகளில் பரிணாமம் சொல்லிக்கொடுத்தால் படைப்புக் கொள்கையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. 1987 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. வெளியே தீர்ப்பு வந்துவிட்டது, குழுவுக்குள் வரவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் புதிய மாணவர்கள் வருவார்கள். இடைப்பட்ட புதைபடிவம் எங்கே, வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதி என்ன ஆயிற்று என்று அதே கேள்விகளைக் கேட்பார்கள். பழையவர்கள் அலுத்துப்போய், ஒவ்வொரு கேள்விக்கும் ஒருமுறை நல்ல பதிலாக, ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோளோடு எழுதிவைத்தார்கள். நிலவியலாளர் ஒன்று, உயிர்வேதியியலாளர் ஒன்று. அந்தப் பதில்கள் சேர்ந்து சேர்ந்து 1990-களில் டாக்ஆரிஜின்ஸ் ஆவணக் காப்பகமாக நின்றன. பள்ளி ஆசிரியர்கள்கூட அதைப் பார்த்துப் பாடம் தயாரித்தார்கள். மனம் மாறியவர்கள் எத்தனை பேரோ தெரியாது. விதண்டாவாதத்துக்குப் பதில் எழுதியே ஒரு பாடநூல் உருவாகும் என்பதை மட்டும் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பெயர்மாற்றத்தை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூ நகரில் ஜி.டி.ஸ் சன்செட் பார்பெக்யூ என்ற உணவகத்தில் 1987 மே 7 அன்று மூன்று பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள். பிரையன் ரீட், ஜான் கில்மோர், கோர்டன் மொஃபெட். ரீட் சமையல் குறிப்புக் குழு ஒன்றைப் பார்த்துப் பார்த்து நடத்தியவர். அதன் பெயரை மாற்றிவிட்டார்களே என்ற எரிச்சல். கில்மோர் போதைப்பொருள் பற்றிப் பேச ஒரு குழு கேட்டிருந்தார்; கிடைக்கவில்லை. மூவரும் ஆளுக்கொரு கணினி வைத்திருந்தவர்கள். முதுகெலும்பின் தயவே வேண்டாம், நம் மூன்று கணினிக்கும் இடையில் நாமே கடத்திக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். ஆல்ட் என்ற எட்டாவது கூரை இப்படி வந்தது. அதில் வாக்கெடுப்பு இல்லை, நினைத்தவர் நினைத்த குழுவைத் தொடங்கலாம். மறு ஆண்டு பாலியல் பற்றிய குழுவுக்கு முதுகெலும்பார் இடம் மறுத்தபோது ரீட் அதையும் ஆல்ட்டில் தொடங்கினார். செக்ஸும் டிரக்ஸும் இருக்கும்போது ராக் அண்டு ரோல் இல்லாமல் எப்படி என்று கூடவே அதையும் சேர்த்தார். புரட்சி பேசியவர்கள் கதைகளில் ஆல்ட் பெரிய சுதந்திரப் போராட்டமாகச் சித்திரிக்கப்படுகிறது. ஆரம்பத்தில் ஒரு சமையல் குறிப்புத் தகராறும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

இதற்குள் கட்டணக் கணக்கே மாறத் தொடங்கியது. 1986-இல் வந்த என்என்டிபி என்ற முறையால் செய்திகள் இணையத்தின் நிரந்தரக் கம்பிகளில் போயின. பல்கலைக்கழகங்களுக்கு நிமிடக் கணக்கு இல்லாமல் போயிற்று. ரிக் ஆடம்ஸ் 1987-இல் யூயூநெட் என்ற அமைப்பைத் தொடங்கி, செய்தி கடத்துவதையே கட்டணச் சேவையாக்கினார். மீட்டர் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் கேள்வி வேறு உருவம் எடுத்தது. போன் பில் யாருடையது என்று கேட்டவர்கள், இந்தக் கணினி யாருடையது என்று கேட்டார்கள்.

கனடாவின் வாட்டர்லூவில் பிராட் டெம்பிள்டன் ஒரு நகைச்சுவைக் குழு நடத்தினார். வருகிற ஜோக்குகளில் நல்லதாகத் தேர்ந்து தினமும் ஒன்றிரண்டு போடுவார். யூஸ்நெட்டிலேயே அதிகம் பேர் படித்த குழுக்களில் ஒன்று. 1988 நவம்பரில் ஒரு யூதரையும் ஒரு ஸ்காட்லாந்துக்காரரையும் கஞ்சர்களாகக் காட்டும் ஒரு பழைய ஜோக் அதில் வந்தது. ஜெர்மனியில் நாஜிகள் யூதர்களின் ஆலயங்களையும் கடைகளையும் நொறுக்கிய இரவின் ஐம்பதாவது ஆண்டு நினைவுநாளை ஒட்டி. டெம்பிள்டன் அதை எண்ணிச் செய்யவில்லை. ஆனால் படித்த ஒருவர் விடவில்லை. புகார் பத்திரிகை வரை போய், வாட்டர்லூ பல்கலைக்கழகம் அந்தக் குழுவைத் தன் கணினியிலிருந்து நீக்கியது. 1989-இன் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டும் நிறுத்தியது. பல்கலைக்கழகத்தின் பணத்தில் ஓடும் கணினி இனவெறி ஜோக்குகளைச் சுமக்க வேண்டியதில்லை என்பது நிர்வாகத்தின் வாதம்.

ஸ்டான்ஃபோர்டில் எதிர்த்து நின்றவர் ஜான் மெக்கார்த்தி. செயற்கை நுண்ணறிவு என்ற துறைக்குப் பெயர் வைத்தவர், லிஸ்ப் மொழியை உருவாக்கியவர். அவர் பள்ளியில் படித்த காலத்தில் பெற்றோர் இருவரும் கம்யூனிஸ்டுகள். அவர் தாயார் யூத வம்சாவளி. நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை நீக்குவதும் கணினியிலிருந்து ஒரு செய்திக்குழுவை நீக்குவதும் ஒன்றே என்று வாதாடினார். நூலகத்தில் யாரோ முகம் சுளிக்கும் நூல்கள் ஆயிரம் உண்டு; வாங்கிய காசு பல்கலைக்கழகத்துடையது என்பதற்காக நிர்வாக அதிகாரி வந்து எடுத்துப் போவதில்லையே என்று கேட்டார். கடைசியில் தடை விலகியது. நூலகத்தை உதாரணம் காட்டியது கெட்டிக்காரத்தனம் என்றே சொல்வேன். கருத்து நல்லதா கெட்டதா என்ற முடியாத வாதத்தை விட்டுவிட்டு, காசு கட்டுகிறவருக்கு என்ன உரிமை என்ற இடத்தில் போய் நின்றுகொண்டார். அந்த ஜோக்கால் மனம் நொந்தவருக்கு அதில் பதில் இருந்ததா என்றால், இல்லை.

அரசியலும் மதமும் டாக்கில் தள்ளப்பட்டன. தொழில்நுட்பம் காம்ப்பில் பத்திரமாக இருந்தது. அங்கே அறிவு பூர்வமாகப் பேசினார்கள் என்றுதானே நினைப்போம்? 1992 ஜனவரி 29. காம்ப்.ஓஎஸ்.மினிக்ஸ் குழு. ஆம்ஸ்டர்டாமின் வ்ரையே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆன்ட்ரூ டானன்பாம், மாணவர்களுக்காகத் தான் எழுதிய மினிக்ஸ் இயங்குதளத்தின் குழுவில், லினக்ஸ் காலாவதியான சரக்கு என்று தலைப்பிட்டு எழுதினார். எல்லாவற்றையும் ஒரே கருவில் (கெர்னலில்) திணித்த வடிவம் எழுபதுகளுக்குத் திரும்பிப் போவது, நுண்கருவே எதிர்காலம் என்பது வாதம். லினக்ஸ் எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு வயது 22, ஹெல்சிங்கி மாணவர். அன்றைக்கே பதில் வந்தது, காரமாக. உங்கள் வேலை பேராசிரியர் வேலை; மினிக்ஸின் சில கோளாறுகளுக்கு அது நல்ல சாக்கு என்கிற தொனியில். மறுநாளே டோர்வால்ட்ஸ் தொனிக்காக வருத்தம் தெரிவித்தார், கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இப்படி ஒரு வடிவத்தை என் வகுப்பில் கொடுத்திருந்தால் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்காது என்றார் டானன்பாம். யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான கென் தாம்சன் வரை வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். சமயச் சண்டையின் சகல இலக்கணமும் இதில் உண்டு: மூலநூல், ஆசாரியர், கலகக்காரச் சீடன், இரு பக்கமும் அணி சேர்ந்த அடியார்கள். காம்ப் என்ற முத்திரை இருந்ததால் எந்த நிர்வாகியும் இதற்கு முன்னால் ஆச்சரியக்குறி போடவில்லை.

டோர்வால்ட்ஸின் ஹெல்சிங்கிக்கு 1990 ஆகஸ்டு முதல் மாஸ்கோவிலிருந்து ஒரு மோடம் இணைப்பு இருந்தது. மாஸ்கோ முனையில் டெமாஸ் என்ற கூட்டுறவு நிறுவனம். குர்ச்சாத்தவ் அணுசக்தி ஆய்வு நிலையத்துக்காரர்களோடு சேர்ந்து ரெல்காம் என்ற வலையை அவர்கள் நடத்தினார்கள். சாதாரணத் தொலைபேசிக் கம்பிதான். சோவியத் ஒன்றியத்தின் பல நகரங்களுக்கு அது கிளை விட்டிருந்தது. வெளியுலகோடு இணைந்த தங்கள் கணினி ஒன்றுக்கு டெமாஸ்காரர்கள் வைத்த பெயர் கிரெம்வாக்ஸ். ஆறு ஆண்டு முந்தைய ஏப்ரல் முட்டாள் செய்தியை அவர்களும் படித்திருந்தார்கள்.

1991 ஆகஸ்டு 19, திங்கட்கிழமை. சோவியத் அதிபர் கோர்பச்சேவை ஒதுக்கிவிட்டு ஆட்சியைப் பிடிக்கச் சிலர் சதி செய்தார்கள். அவர் கிரிமியாவில் வீட்டுக்காவலில். மாஸ்கோவில் டாங்குகள். தொலைக்காட்சியில் அன்னப்பறவை நடனம் திரும்பத் திரும்ப. ஒன்பது பத்திரிகைகள் தவிர மற்றவை அச்சிடத் தடை. சதிகாரர்களின் பட்டியலில் தொலைக்காட்சி இருந்தது, வானொலி இருந்தது, அச்சகம் இருந்தது. கணினிகள் ஒன்றுக்கொன்று போன் பேசும் என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை. தொலைபேசியைத் துண்டிக்கவும் இல்லை.

சதியை எதிர்த்து ரஷ்யக் குடியரசின் தலைவர் யெல்ட்சின் வெளியிட்ட அறிக்கை டெமாஸ் அலுவலகத்துக்கு வந்து, தட்டச்சாகி, ரெல்காமில் ஊர் ஊராகப் போனது. ரெல்காமின் வலேரி பார்டின் இன்னொரு காரியம் செய்தார். எல்லா நகரத்துச் சந்தாதாரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஜன்னல் வழியே வெளியே பாருங்கள், என்ன தெரிகிறதோ அதை மட்டும் எழுதுங்கள். கருத்து வேண்டாம், கேள்விப்பட்டது வேண்டாம். பதில்கள் வந்து குவிந்தபோது ஒரு விஷயம் தெளிவானது. படை நடமாட்டம் மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும்தான். மற்ற ஊர்கள் அமைதியாக இருந்தன. நாடே கைக்குள் வந்துவிட்டது என்ற தொலைக்காட்சியின் தோரணை பொய் என்று, ஒரு பத்திரிகைகூட இல்லாமல், அந்த வலையில் இருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே போனவை டாக்.பாலிடிக்ஸ்.சோவியத் குழுவில் வந்தன. டெமாஸின் வாடிம் அன்டோனவ் எழுதினார். அவர் மனைவி போலினா அன்டோனவா கலிஃபோர்னியாவில் இருந்த லாரி பிரஸ் என்ற பேராசிரியரோடு மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சி சொல்வதை லாரி பிரஸ் தட்டி அனுப்ப, அது மாஸ்கோவுக்குத் திரும்பப் போனது. உலகெங்கும் இருந்து அனுதாபமும் ஆர்வமும் பொங்கிவிட்டன. நலமா, டாங்கு தெரிகிறதா, பயமாக இருக்கிறதா என்று ஆயிரம் விசாரிப்புகள். ஹெல்சிங்கிக்குப் போகும் கம்பி அத்தனையையும் தாங்காது. அசட்டுக் கேள்விகளால் இருக்கிற ஒரே குறுகிய வழியை அடைக்காதீர்கள், எங்களுக்கு அது வேண்டும் என்று அன்டோனவ் கெஞ்சி எழுத வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் சதி சரிந்தது. அந்த மூன்று நாளும் மாஸ்கோ பேசியது டாக் என்ற கூரையின் கீழ்; கடல் கடந்து சுமக்கக் காசு தர மாட்டோம் என்று ஐரோப்பா சொன்னதற்காக, வெட்டிவிட வசதியாகக் கட்டிய அதே கூரை. சிஸ் கோப்பில் ஆச்சரியக்குறி போட்டிருந்த கணினிகளுக்கு அது போய்ச் சேரவில்லை.

(தொடரும்)